இரைப்பைப் புற்றுநோய்: டெலோமியர், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டெலோமியர் குட்டையானால் புற்றுநோய் வரும்' என்பது பாதி உண்மை. டிஎன்ஏ இழை சுருண்டிருக்கும் குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி (TTAGGG) என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது; அந்த நுனிதான் டெலோமியர். செல் பிளக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் தேய்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி பல ஆண்டுகள் குடியிருந்து புண்ணாக்கிய இரைப்பைச் சவ்வில் செல்கள் ஓயாமல் பிளக்கின்றன, தேய்மானமும் கூடுகிறது. நுனி தேய்ந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குலைவது ஆபத்துதான். ஆனால் அப்படித் தேய்ந்த செல் சாகாமல் கட்டியாக வளர்வது எப்படி? 85 முதல் 90 சதவீதப் புற்றுக்கட்டிகளில் டெலோமரேஸ் நொதி மறுபடி விழித்துக்கொண்டு நுனியைக் காப்பாற்றிவிடுகிறது. ஆகவே டெலோமியரை நீட்டுவதாகச் சொல்லும் மாத்திரைகளுக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

அடுத்தது, எங்கிருந்து, எப்போது எடுத்த மாதிரி என்று கேட்காமல் டெலோமியர் நீள எண்ணை நம்புவது. ரத்தத்தில் அளந்தது வெள்ளணுக்களின் டெலோமியர்; இரைப்பையினுடையது அன்று. கீமோதெரபிக்குப் பிறகு எடுத்த ரத்தமென்றால் காரணம் எது, விளைவு எது என்றே தெரியாது. கட்டியிலிருந்து கிள்ளிய அரிசியளவுத் துணுக்கிலும் புற்றுச் செல்லோடு நோயெதிர்ப்புச் செல்லும் நார்த்திசுவும் கலந்திருக்கும். டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் முறை தருவது அத்தனைக்கும் சேர்த்து ஒரே சராசரி.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படிப்பதில் நடக்கும் பிழைதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள் கொண்ட இந்தச் சிறு வளையம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் எழுத்து வரிசை 1981இல் கேம்பிரிட்ஜில் படித்து வெளியிட்டது; அது ஐரோப்பிய மரபுக்கிளையைச் சேர்ந்தது. இந்தியர்களில் பெரும்பாலோர் எம் (M) எனும் தாய்வழி மரபுக்கிளையினர். கேம்பிரிட்ஜ் வரிசையில் டி (T) உள்ள 489ஆம் இடத்தில் அவர்களுக்கு சி (C) இருப்பது சாதாரணம். கட்டியின் டிஎன்ஏவை கேம்பிரிட்ஜ் வரிசையோடு மட்டும் ஒப்பிட்டால், பாட்டி வழி வந்த எழுத்து 'புற்றுநோய்த் திரிபு' என்று பட்டியலில் ஏறிவிடும். அதே நோயாளியின் ரத்தத்தையோ நல்ல திசுவையோ பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. செல்லின் கருவிலுள்ள டிஎன்ஏவிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழைய துண்டுகள் ஒட்டிக்கிடக்கின்றன; கவனிக்காவிட்டால் பிசிஆர் அவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

கடைசியாக, இந்த அளவீடுகளைப் பரிசோதனைச் சீட்டாக நினைப்பது. சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் தேவை எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும். டெலோமியர் நீளத்தைப் பார்த்து எந்த மருத்துவரும் இரைப்பைப் புற்றுநோயை உறுதிசெய்வதில்லை.