பேரியா எமிட்டா: ஃபுட்பால் விவாதத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் நன்றி சொல்லும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் அன்று மதியம் டெட்ராய்ட் லயன்ஸ் ஆட்டம் இருக்கும். 1934-ல் ஆரம்பித்த வழக்கம். அது முடிந்த கையோடு டாலஸ் கௌபாய்ஸ் ஆட்டம். இரண்டு அணிகளும் ஒரே நாளில் அடுத்தடுத்து டிவியில் வருவதால், மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வருடம் தவறாமல் அதே சண்டை கிளம்பும்: பேரி சாண்டர்ஸா, எமிட் ஸ்மித்தா?

அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவரும் ரன்னிங் பேக். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் தங்கள் கையில் திணிக்கும் பந்தை இடுக்கிக்கொண்டு, எதிரணியின் பதினோரு பேருக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓடுவது அவர்கள் வேலை. பேரி டெட்ராய்டுக்கு ஆடினார், எமிட் டாலஸுக்கு ஆடினார். 90-கள் முழுவதும் இந்த இரண்டு பேரைத்தான் ஊர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்தவர் பேரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் பார்த்தவரை இந்த விவாதங்கள் கெட்டுப்போவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவதால்தான்.

“எனக்குப் பிடித்தவர்” என்பதற்குச் சாட்சி தேவையில்லை. சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த ஆட்டம், பிறந்த ஊர், எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டதும் ஆர்ப்பாட்டம் செய்யாமல் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்துபோகிற பேரியின் அடக்கம், எதுவும் காரணமாக இருக்கலாம். “அவர்தான் சிறந்தவர்” என்றால் கதை வேறு. அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவதற்காக வாதாடுகிறோம். அதனால்தான் எதிராளி ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டதும் நம் அப்பாவையே குறை சொன்ன மாதிரி கோபம் வருகிறது. எந்தக் கேள்விக்கு வாதாடுகிறோம் என்று முதலில் பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். மிச்சப் பாதி எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம்.

மொத்தத்தை மட்டும் பார்ப்பது

டாலஸ்காரர்கள் முதலில் எடுத்து வைக்கும் சீட்டு 18,355. எமிட் தன் வாழ்நாளில் ஓடிக் குவித்த யார்டுகள் (ஒரு யார்டு மூன்று அடி) அவ்வளவு. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. பேரி 15,269-ல் நின்றுவிட்டார். டெட்ராய்ட்காரர் உடனே சராசரியை எடுப்பார்: எமிட்டுக்கு ஓர் ஓட்டத்துக்கு 4.2 யார்டு, பேரிக்கு 5.0. எமிட் 15 சீசன்களில் 4,409 முறை பந்தைச் சுமந்தார். பேரி 10 சீசன்களில் 3,062 முறை.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, இரண்டும் அரைகுறை. மொத்தம் என்பது உடம்பு எத்தனை வருடம் தாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தாங்குவதும் ஒரு திறமைதான், அதைக் கழித்துவிடக் கூடாது. பேரி 1999 ஜூலையில், 31 வயதில், வால்டர் பேட்டனின் 16,726 என்ற அன்றைய சாதனைக்கு வெறும் 1,457 யார்டு பாக்கி இருக்கும்போது, சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு பெற்றுவிட்டார். தாங்க முடியாமல் போகவில்லை, வேண்டாம் என்று விலகினார். ஆக, மொத்தத்தை வைத்து அவரை அளப்பது தப்பு.

சராசரியை வைத்து எமிட்டை அளப்பதும் அதே அளவு தப்பு. ஒரு யார்டு வேண்டும், எதிரில் பதினோரு பேரும் அது தெரிந்து அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்கிற நேரத்தில் டாலஸ் பந்தை எமிட்டிடம்தான் கொடுக்கும். அங்கே அவர் எடுக்கும் இரண்டு யார்டு சராசரியைக் கீழே இழுக்கும், ஆட்டத்தை மேலே தூக்கும். ஓடிப் போட்ட டச் டவுன் எமிட்டுக்கு 164, பேரிக்கு 99. கோல் கோட்டருகே லயன்ஸ் சில நேரம் பேரியை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்கும். இருவரும் செய்த வேலையே வேறு வேறு. அதைச் சொல்லாமல் 4.2, 5.0 என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை.

“அந்த லைன் இருந்தால் யாரும் ஓடலாம்”

இது எங்கள் தரப்பு ஆயுதம், நானும் பல வருடம் வீசியிருக்கிறேன். லைன் என்றால் முன்னால் நின்று எதிரணியைத் தள்ளி வழி விடும் கூட்டம். எமிட்டுக்கு முன்னால் வழி திறந்துவிட நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், 1994 முதல் லாரி ஆலன் என்று மலை மலையாக ஆட்கள். கூடவே அவருக்கு முன்னே ஓடி வழி விலக்கும் ஃபுல்பேக் டேரில் ஜான்ஸ்டன். பேரிக்கு யார் இருந்தார்கள் என்று கேட்போம். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரை நிறுத்தினாலும் 18,000 வரும் என்போம்.

இதற்குப் பதில் 1993 செப்டம்பரில் இருக்கிறது. சம்பளத் தகராறில் எமிட் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. லைன் அதே லைன். குவார்ட்டர்பேக் அதே டிராய் எய்க்மன். முந்தைய சீசனின் சாம்பியன் அணி அது. எமிட் இடத்தில் ஒரு புதுமுகம் ஓடினார். வாஷிங்டனிடம் தோல்வி, பிறகு பஃபலோவிடம் தோல்வி. உரிமையாளர் பேனாவைத் திறந்தார், எமிட் வந்தார். அதற்குப் பிறகு 12 வெற்றி, 2 தோல்வி. இரண்டு ஆட்டம் தவறவிட்ட பிறகும் அந்த சீசனில் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். 1994 ஜனவரியில், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எதிரே நின்றது அதே பஃபலோ. எமிட் 132 யார்டு, 2 டச் டவுன், டாலஸ் 30-13.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாதத்தை நான் விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் லைனே கிடையாது என்பதும் சரியில்லை. எங்கள் லைனில் இருந்த லோமஸ் பிரவுன், நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குப் பல முறை தேர்வான ஆள். நமக்குப் பிடித்தவர் தனியாகப் போராடினார் என்று காட்டுவதற்காக, அவருக்காக அடிபட்டவர்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். இது எனக்கு உறுத்துகிற விஷயம்.

மோதிரக் கணக்கு

சூப்பர் பௌல் ஜெயித்த ஒவ்வொருவருக்கும் மோதிரம் உண்டு. “உன் ஆளுக்கு எத்தனை மோதிரம்?” என்று கேட்டுவிட்டால் வாதம் முடிந்தது என்று ஒரு நினைப்பு. எமிட்டுக்கு மூன்று. பேரிக்கு ஒன்றுகூட இல்லை. அவர் இருந்த பத்து வருடத்தில் லயன்ஸ் ஜெயித்த பிளேஆஃப் (சீசனுக்குப் பிறகு வரும் நாக்அவுட்) ஆட்டம் ஒன்றே ஒன்று. 1992 ஜனவரியில் கிடைத்த அந்த வெற்றியும் டாலஸுக்கு எதிராகத்தான் என்பதை நாங்கள் மறக்காமல் சொல்லுவோம்.

மோதிரம் எதைச் சொல்கிறது என்று பார்க்க, ஆட்டக்காரர்களிலேயே அதிக மோதிரம் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைத்தான் எடுக்க வேண்டும். ஏழு. 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான சூப்பர் பௌலில் அவர் 505 யார்டு வீசினார், மூன்று டச் டவுன். அணி 41-33 என்று தோற்றது. அடுத்த வருடம் ராம்ஸுக்கு எதிராக 262 யார்டு, டச் டவுன் பூஜ்யம், ஓர் இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). அணி 13-3 என்று ஜெயித்தது. நன்றாக ஆடிய வருடம் மோதிரம் இல்லை. சுமாராக ஆடிய வருடம் மோதிரம் உண்டு. இடையில் மாறியது அவர் அணியின் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டம்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2015 பிப்ரவரி 1. பிரேடியின் அணியான பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. ஆட்டம் முடிய 26 விநாடி. சியாட்டில் ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது, கையில் மார்ஷான் லிஞ்ச் என்ற யானை பலம் கொண்ட ரன்னிங் பேக். ஆனால் சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பந்தை வீசுகிறார். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத மால்கம் பட்லர் என்ற புதுமுகம் குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுகிறார். அந்த நொடியில் பிரேடி கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பட்லர் அரை அடி பிந்தியிருந்தால் பிரேடிக்கு ஒரு மோதிரம் குறைந்திருக்கும். அன்று ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த அணியை மேலே தூக்கிவிட்ட அவருடைய ஆட்டத்தில் ஒரு துளியும் மாறியிருக்காது. பிரேடியின் பெருமையைச் சொல்ல அந்த ஆட்டம் போதும். மோதிரத்தை எண்ணத் தேவையில்லை.

குவார்ட்டர்பேக்குகள் டேன் மரீனோவும் டிரென்ட் டில்ஃபரும் இதற்கு நிரந்தர உதாரணங்கள். மரீனோ இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பௌல் போனார், தோற்றார், 17 சீசன் ஆடியும் திரும்பப் போகவில்லை. டில்ஃபர் 2000 சீசனில் பால்டிமோரோடு ஜெயித்தார். அந்த வருடம் பால்டிமோர் டிஃபென்ஸ் 16 ஆட்டத்தில் 165 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. ஜெயித்த கையோடு அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. மரீனோவைவிட டில்ஃபர் மேல் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அடுத்த வாதத்தில் மோதிரம் வந்துவிடுகிறது.

காலத்தை மறப்பது

ஒரு சீசனுக்கு எத்தனை ஆட்டம் என்பதே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. 1960 வரை 12, அப்புறம் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. ஓ.ஜே. சிம்ப்சன் 1973-ல் 2,003 யார்டு ஓடியது 14 ஆட்டத்தில். எரிக் டிக்கர்சன் 1984-ல் 2,105 ஓடியது 16 ஆட்டத்தில். சீசன் சாதனை டிக்கர்சனுடையது. ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தால் சிம்ப்சன் மேலே. கிளீவ்லண்டின் ஜிம் பிரவுன் ஒன்பதே சீசன் ஆடினார், அதில் எட்டில் அவர்தான் முதலிடம். ஆட்டத்துக்கு 104.3 யார்டு. பேரிக்கு 99.8. 12,312 என்ற மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஜிம் பிரவுனை நடுவில் எங்கேயோ தள்ளிவிடுவார்கள்.

விதிகளும் மாறின. 1978-ல் வந்த மாற்றப்படி, பந்து வாங்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு மேல் போனால் இடிக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டித் தள்ளலாம். அதற்குப் பிறகு பந்து வீசும் எண்கள் ஏறின. ஆகவே அந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் ஜானி யூனிடஸின் எண்ணை இன்றைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எண்ணோடு நேருக்கு நேர் வைப்பதில் அர்த்தமில்லை. நான் கடைப்பிடிக்கும் வழி இது: ஒருவர் தன் காலத்து ஆட்களைவிட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்று பார்ப்பது. 1984-ல் மரீனோ 48 டச் டவுன் வீசினார். அதுவரை சாதனை 36. இன்று 48 என்றால் யாரும் மயங்கி விழமாட்டார்கள். அன்று அது ஊரையே புரட்டிப்போட்ட எண்.

குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சாய்க்கும் “சாக்” கணக்கை லீக் அதிகாரபூர்வமாக எடுக்க ஆரம்பித்ததே 1982-ல்தான். அந்த வார்த்தையையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் டீக்கன் ஜோன்ஸ் 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. ஏட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? வாரன் மூனும் இப்படித்தான். 1978-ல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கறுப்பினத்தவர் குவார்ட்டர்பேக் ஆவதை அணிகள் விரும்பாத காலம். கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு, அந்த நாட்டு லீகின் கோப்பையான கிரே கப்பை ஐந்து முறை ஜெயித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். அமெரிக்க லீகான என்.எஃப்.எல். எண்ணை மட்டும் பார்த்தால் அவருடைய ஆறு வருடம் காணாமல் போய்விடும்.

எண் இல்லாத ஆட்கள்

ஜோ தாமஸ் பெயரை எந்த விவாதத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? கிளீவ்லண்டின் லெஃப்ட் டாக்கிள், அதாவது லைனில் இடப்பக்கம் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர். பந்தைத் தொடாத வேலை. 2007-ல் சேர்ந்த நாள் முதல் 2017-ல் கை தசை கிழியும் வரை தொடர்ந்து 10,363 ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவது), ஒன்றுகூட விடாமல் களத்தில் நின்றார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது, ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 2023-ல் கேன்டன் நகரத்து ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்க்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். மோதிரக் கணக்கிலும் யார்டு கணக்கிலும் அவர் பூஜ்யம். பந்து வாங்க ஓடுகிறவரை மறிக்கும் கார்னர்பேக்குகளுக்கு இன்னொரு விதமான அநியாயம். டாரெல் ரெவிஸ் நின்ற பக்கம் பந்தை வீசவே குவார்ட்டர்பேக்குகள் யோசித்தார்கள். வீசாத பந்தைப் பிடிக்க முடியாது, அதனால் இன்டர்செப்ஷன் கணக்கும் ஏறாது.

நமக்கு வசதியானதை மட்டும் எடுப்பது

பேரியின் ஓட்டங்களைத் துண்டு வீடியோவாகப் பார்த்தால் மனிதப் பிறவியா என்று தோன்றும். நாலு பேர் சூழ்ந்து நிற்பார்கள், ஐந்தடி எட்டங்குல உடம்பு ஒரு பக்கம் சாயும், கால் மறுபக்கம் போகும், நாலு பேரும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே கிடப்பார்கள். முழு ஆட்டமாகப் பார்த்தால்தான் இன்னொன்று தெரியும்: அதே மாதிரி சுழன்று பின்னால் போய் மூன்று யார்டு இழந்த ஓட்டங்களும் நிறைய. 1994-ல் அந்த சீசனில் 1,883 யார்டு ஓடிய மனிதர், டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் பிளேஆஃபில் 13 முறை பந்தைச் சுமந்து மைனஸ் ஒரு யார்டில் முடித்தார். டெட்ராய்ட்காரர்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் சொல்லாமல் விட்டால் எதிராளி சொல்லுவார், அப்போது வலி அதிகம். அதே சமயம் அந்த ஒரு நாளை வைத்து அவரை முடித்துவிடவும் கூடாது. 1997-ல் முதல் இரண்டு ஆட்டத்தில் 33, 20 என்று ஓடினார். கதை முடிந்தது என்று அன்று சொன்னவர்கள், அடுத்த 14 ஆட்டத்திலும் அவர் நூறைத் தாண்டி 2,053-ல் சீசனை முடித்ததைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் டாலஸ் ரசிகர். சில வருடம் முன்பு, என்னிடம் வாதாடி அலுத்துப்போய், “ஒரே ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார், பிறகு பேசு” என்றார். 1994 ஜனவரி 2, ஜயன்ட்ஸுக்கு எதிராக. பார்த்தேன். முதல் பாதியின் கடைசியில் எமிட் ஒரு நீண்ட ஓட்டம் ஓடி, வலது தோள் தரையில் இடிக்க விழுகிறார். தோள் மூட்டு விலகிவிட்டது. இரண்டாம் பாதியில் திரும்பி வருகிறார். ஒவ்வொரு முறை விழும்போதும் எழுந்திருக்க நேரமாகிறது, கையைத் தொங்கவிட்டபடி நடந்து போகிறார், மறுபடியும் பந்து அவரிடமே போகிறது. அன்று 32 ஓட்டம், 168 யார்டு, அது போக 10 கேட்ச். கூடுதல் நேரத்தில் டாலஸ் 16-13 என்று ஜெயித்தது.

அடுத்த தேங்க்ஸ்கிவிங்கில் பெரியவர் என்னைக் கேட்டார். பிடித்தவர் பேரிதான் என்றேன். யார் சிறந்தவர் என்று கேட்டார். லயன்ஸ் ஆட்டம் முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றேன்.