பங்குனி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது எப்படி?

சென்னைக் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் இங்கே இரவு நடை போகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது; வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூடத் தொடக் கூடாது. அலை எட்டாத, நாயும் விளக்கும் இல்லாத இடத்தில் குழி இருந்தால் அங்கேயே விடுவதுதான் நல்லது. நகரக் கரையில் அப்படி இடம் கிடைப்பது அரிது; அதனால்தான் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு, அதாவது குஞ்சு பொரியும்வரை காவலோடு புதைத்து வைக்கும் இடத்துக்கு, மாற்றுகிறோம்.

ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். மெல்லிய கம்பியை மெதுவாக இறக்குங்கள்; கெட்டி மணல் சட்டென்று இளகினால் உடனே நிறுத்துங்கள். வேகமாகக் குத்தினால் மேல் முட்டை உடையும், வாடைக்கு எறும்பு வரும். பிறகு கையால் மட்டுமே தோண்ட வேண்டும்.

நேரம்தான் இதில் எல்லாம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டத் தொடங்கும். அதன்பின் முட்டை உருண்டால் கரு சாகும். ஆகவே அன்றிரவே, 6 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். எண்ணி, குலுக்காமல், குழியின் ஈர மணலோடு துணிப்பையில் வையுங்கள்.

பொரிப்பகம் அலை ஏறாத மேட்டில், வெயில் படும் இடத்தில் அமையட்டும். முழுக்க நிழல் போட்டால் சூடு குறைந்து ஆண் குஞ்சுகளே மிகும். சூடு ஏறினால் பெண். ஏறக்குறைய 45 செ.மீ. ஆழம், குடம் போலக் குறுகிய வாய், அகன்ற அடி: தாய் தோண்டிய வடிவம் அதுதான். குழிக்குக் குழி 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். தேதி, எண்ணிக்கை எழுதிய அட்டையை நடுங்கள்.

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். 40ஆம் நாளே வலைக்கூடை கவிழ்த்து, இரவில் அடிக்கடி பாருங்கள். வாளித் தண்ணீரில் போட வேண்டாம். நீந்தித் தெம்பை அங்கேயே தீர்த்துவிடும். அலைக்குச் சில மீட்டர் முன்னால், இருட்டில், மணலில் விடுங்கள். செல்போன் வெளிச்சம் பின்னாலிருந்தால் திரும்பி உங்கள் காலடிக்கே வரும், கூட்டத்தோடு போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசிக் குஞ்சு வெளியேறி மூன்று நாள் கழித்துக் குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணுங்கள். பொரியாத முட்டைகளில் பெரும்பாலும் தொடக்கநிலைக் கருவே இறந்திருந்தால், மாற்றியதில் தாமதமோ உருட்டலோ நடந்ததா என்று அந்த இரவின் பதிவைப் பாருங்கள்.