விமானத்தில் தின்பண்டச் செலவு: சேலத்துக்காரர்களுக்கு ஒரு குறிப்பு

காமலாபுரத்தில் இருக்கும் நம்ம சேலம் விமான நிலையத்தில் விமானம் ஏறுகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். மலிவுக் கட்டண விமானங்களில் டிக்கெட் விலையில் பெரும்பாலும் சாப்பாடு சேராது. ஒரு டீ, ஒரு சாண்ட்விச், ஒரு ஜூஸ் என்று குடும்பமே வாங்கினால், அந்தக் காசில் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு வாரத்துக்கான நொறுக்குத்தீனியே வாங்கிவிடலாம்.

பொடி தடவிய இட்லிதான் என் முதல் சிபாரிசு. நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இட்லி சூடாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் தடவி, ஆறவிட்டு, வாழை இலையில் மடித்து டப்பாவில் வையுங்கள். சட்னி வேண்டாம், கையிலும் ஒட்டாது. நம்ம ஊர் தட்டுவடையும் சரிதான். வெறும் தட்டுவடை மட்டும். தட்டுவடை செட்டில் சேர்க்கிற சட்னி, காய்கறித் துருவல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கவரில் போட்டால் நொறுங்கிவிடும், டப்பாதான் நல்லது.

ஊறுகாய், நெய், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. காலி பாட்டில் கொண்டுபோய், சோதனை முடிந்ததும் உள்ளே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது.

சாப்பாடு வாங்கியே ஆகவேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே முன்பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் விமானத்துக்குள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும், நீங்கள் கேட்ட உணவும் கிடைக்கும்.

அப்புறம், சென்னையில் மாறி வெளிநாடு போகிறவர்களுக்கு: பொதுவாக 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் கூடாது. சேலத்து மாம்பழம் எடுத்துப் போக ஆசைப்பட்டால், அந்த நாட்டில் பழம் அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.