கனகராயன் ஆற்று மாதிரி ஓட்டுபவர்களுக்கு

இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றுக்கு, மழையிலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கும் ஸ்வாட் (SWAT) கணினி மாதிரியை அளவுத்திருத்தம் செய்கிறீர்களா? அதாவது, கணிப்பு அளந்த நீரோட்டத்தோடு ஒத்துவர அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்களா? ஓர் ஓட்டத்துக்கு 3 நிமிடம் என்றாலே 500 ஓட்டத்துக்கு 25 மணித்தியாலம். சூஃபி-2 (SUFI-2) என்ற அளவுத்திருத்த முறையில் ஒரு சுற்றுக்குள் வரும் ஓட்டங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. கணினிச் செயலியின் 4 கோர்களுக்குப் பங்கிட்டால் ஆறேகால் மணித்தியாலம் அளவில் முடியும். (ஓர் ஓட்டத்தின் முடிவைப் பார்த்தே அடுத்ததற்குப் படிப்படியாக நகரும் டிடிஎஸ் (DDS) என்ற இன்னொரு முறைக்கு இது அப்படியே பொருந்தாது.)

முக்கியமாக, ஒவ்வொரு கோருக்கும், மாதிரியின் உள்ளீட்டு, வெளியீட்டுக் கோப்புகள் இருக்கும் டெக்ஸ்ட்இன்அவுட் (TxtInOut) கோப்புறையின் தனிப் பிரதி கொடுங்கள். ஒரே கோப்புறையில் இரண்டு ஓடினால் வெளியீட்டுக் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படும். பிழைச்செய்தி வராமலே எண்கள் கெட்டுப்போகலாம். எனக்கு ஒரு மாரிகால வெள்ளமே வரைபில் காணாமல் போனது, கண்டுபிடிக்க இரண்டு நாள். பிரதிகளை எஸ்எஸ்டியில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதற்கே கோர்கள் வரிசையில் நிற்கும்.