ஸ்விட்ச் டிஃபென்ஸ்: ஆளை எப்படி மாற்றுவது, எங்கே கிழியும்

கூடைப்பந்தில் எதிரணி ஸ்க்ரீன் போடும்போது, காக்கும் இருவர் தங்கள் ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதுதான் ஸ்விட்ச். அது என்றதும் எல்லோரும் பயப்படுவது நெட்டை-குட்டை ஜோடிக்குத்தான். ஆள் மாறியதும் குட்டை கார்டு (வெளிப்பக்கம் ஆடுபவர்) ஒருவர் எதிரணி சென்டரிடம் (ரிம், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டையர்) மாட்டிக்கொள்வாரே என்று. அந்தப் பயத்தில் பாதிதான் நியாயம். புள்ளிகள் அதிகம் ஒழுகுவது அதற்கு முந்தைய அரை விநாடியில், இருவர் ஆளைக் கைமாற்றும் இடத்தில். அதனால் கீழே மூன்றாவது படி மட்டும் நீளமாக இருக்கும். ஸ்க்ரீன் என்பது, பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் (இனி ‘பந்தைக் காப்பவர்’) வழியில் எதிரணி ஆள் ஒருவர் (ஸ்க்ரீனர்) நின்று மறிப்பது.

லாபம் என்ன? மாறாமல் உங்கள் சென்டர் பின்வாங்கி நின்றால், ஸ்க்ரீனைத் தாண்டி வரும் ஸ்டெஃபன் கரி போன்றவருக்கு 23 அடி 9 அங்குல 3 புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஆளில்லாத ஷாட் கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து அவரை மடக்கினால், பின்னால் 4 பேரை 3 பேர் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்விட்சில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எதிரணி பாஸை விட்டுவிட்டு ஒற்றைக்கு ஒற்றை ஆடும், ஷாட் போட வேண்டிய 24 விநாடிக் கடிகாரம் கரையும். 2018-இல் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ-வின் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இப்படித்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை இறுக்கியது. பாஸ் சங்கிலியில் வாழும் அணி, பல நேரம் தன் நட்சத்திரம் கெவின் டூரன்டின் தனி ஆட்டமாகச் சுருங்கியது. ஏழாவது ஆட்டத்தில் ராக்கெட்ஸ் தோற்றதற்கு டிஃபென்ஸைக் குறை சொல்ல மாட்டேன். 44 த்ரீ (3 புள்ளி ஷாட்) போட்டு 7 மட்டும் விழுந்தால் எந்த டிஃபென்ஸும் காப்பாற்றாது.

படி 1: ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

ஐவரும் ஒரே உயரமாக இருக்கத் தேவையில்லை. பி.ஜே. டக்கர் 6 அடி 5 அங்குலம், ட்ரேமண்ட் கிரீன் 6 அடி 6 அங்குலம். இருவரும் சென்டர்களைச் சமாளித்தவர்கள். இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் பலமும் பக்கவாட்டில் ஓடும் காலும்தான் முக்கியம். உங்கள் சென்டருக்குக் கால் மெதுவென்றால் மற்ற நால்வரை மட்டும் மாறச் சொல்லுங்கள். 2021-22 பாஸ்டன் செல்டிக்ஸ் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. சென்டர் ராபர்ட் வில்லியம்ஸை மூலையில் நிற்கும், ஷூட்டிங் பலவீனமான ஆள்மேல் போட்டுவிட்டு மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். வில்லியம்ஸ் ரிம்முக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தார்.

படி 2: குரல்

கத்த வேண்டியவர் ஸ்க்ரீனரைக் காப்பவர். பந்தைக் காப்பவருக்கு முதுகுப்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. ஸ்க்ரீன் வந்து இடித்த பிறகு கத்திப் பயனில்லை. ஸ்க்ரீனர் நடக்கத் தொடங்கியதுமே சொல்ல வேண்டும்.

படி 3: கைமாற்றம்

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். இரண்டு கால் வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஸ்க்ரீனரைக் காப்பவர் கைக்கெட்டும் தூரத்தில், ஸ்க்ரீன் மட்டத்துக்கு ஏறி வந்திருக்க வேண்டும். மாறும்போது பக்கவாட்டில் நகராமல் முன்னோக்கி, பந்தை நோக்கி அடி வைக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் டிரிப்ளருக்கு (பந்தைத் தட்டி வருபவருக்கு) மூலை திரும்ப ஒரு அடி இடைவெளி கிடைக்கும். அவருக்கு அது போதும்.

பந்தைக் காத்தவர் ஸ்க்ரீனருக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்துவிட வேண்டும். வெளிப்பக்கமாகவே நின்றுவிட்டால் ஸ்க்ரீனர் அவரை முதுகில் அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். மேலே தூக்கிப்போடும் ஒரு லாப் பாஸ், முடிந்தது கதை.

அடுத்த வில்லன் ஸ்லிப். ஸ்க்ரீன் போடுவதுபோல வந்து, இடிக்காமலே ரிம்முக்கு ஓடிவிடுவது. நீங்கள் மாறப் போகிறீர்கள் என்று எதிரணிக்குத் தெரிந்தால் இதைத்தான் செய்யும். காப்பவர்கள் இருவருமே பந்தோடு நிற்பார்கள், ஓடுபவரைப் பார்க்க ஆள் இருக்காது. விதியைச் சுருக்கமாக வையுங்கள்: உடம்பு படவில்லையா, மாற்றமும் இல்லை, அவரவர் ஆள் அவரவருக்கு. பயிற்சியில் 2-க்கு 2 வைத்து 10 முறை ஓட்டுங்கள். எத்தனை நிஜ ஸ்க்ரீன், எத்தனை ஸ்லிப் என்பதை அட்டாக் ஆடுபவர்கள் ரகசியமாக முடிவுசெய்யட்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது நடனப் பயிற்சி ஆகிவிடும்.

படி 4: மாறிய பிறகு

குட்டைக்காரர் சென்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பந்து வரும் பக்கம் முக்கால்வாசி மறைத்து நிற்க வேண்டும். அதற்குள் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து உங்கள் அணியின் உயரமான ஒருவர் ஓடிவந்து, குட்டைக்காரரை வெளியே அனுப்பிவிட்டு இடத்தைப் பிடிப்பார். குட்டைக்காரர் வெளியே ஓடி, உயரமானவர் விட்டுவந்த ஆளை எடுத்துக்கொள்வார். சென்டர் கைக்குப் பந்து போன பிறகு இதைச் செய்தால் வெளியே ஒருவர் ஆளில்லாமல் நிற்பார். பந்து இன்னும் வெளியே இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

நெட்டைக்காரர் கார்டை எதிர்கொள்ளும்போது குதிக்கக் கூடாது. கையை உயர்த்தி, காலை ஓட்டி, கோட்டுக்கு உள்ளே தள்ளிக் கஷ்டமான 2 புள்ளி ஷாட்டுக்கு விடுங்கள்.

படி 5: ரீபவுண்ட்

தவறிய ஷாட்டிலிருந்து துள்ளும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். ஸ்விட்சின் உண்மையான விலை இது. ஷாட் தவறினாலும், போர்டுக்குக் கீழே உங்கள் கார்டுதான் அவர்களின் சென்டரோடு நிற்கிறார். அந்தக் கார்டு பந்தைப் பார்க்கவே வேண்டாம். சென்டரின் தொடையில் முதுகை வைத்து வெளியே தள்ளினால் போதும். பந்தை எடுப்பது மற்ற நால்வரின் வேலை.

பலவீனமானவரைக் குறிவைத்து வேட்டையாடினால்?

2016 ஜூன் 19, என்.பி.ஏ ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம், வாரியர்ஸுக்கும் கிளீவ்லாண்டுக்கும் 89-89. கரி காத்துக்கொண்டிருந்த ஜே.ஆர். ஸ்மித்தை அழைத்து கிளீவ்லாண்ட் ஸ்க்ரீன் போட வைத்தது. கைரி இர்விங்கைக் காத்த கிளே தாம்சன் விலக, கரி இர்விங்கிடம் மாட்டினார். 53 விநாடி மிச்சமிருக்க த்ரீ விழுந்தது. அடுத்த முறை வாரியர்ஸ் அதே வேட்டையை ஆடியது. மாட்டியவர் கெவின் லவ். எல்லோரும் மெதுவானவர் என்று நினைத்த அவர் கரியை விடாமல் ஒட்டிநிற்க, த்ரீ தவறியது. ஆட்டம் முடிந்தபோது கிளீவ்லாண்டுக்கு 93-89. ஒரே ஸ்விட்ச், இரண்டு விளைவு.

இதைத் தடுக்க முன்மாற்றம் செய்யுங்கள். பலவீனமானவர் காக்கும் ஆள் ஸ்க்ரீன் போட நடக்கும்போதே, பக்கத்தில் நிற்கும் பலமானவர் அந்த ஆளை எடுத்துக்கொண்டு, தன் ஆளை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

கணக்கு வைக்க விலையுயர்ந்த ஆப் எதுவும் வேண்டாம். வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டுங்கள், கையில் ஒரு நோட்டு வையுங்கள். மூன்று கட்டம் போதும்: ஸ்லிப், குட்டை-சென்டர் ஜோடி, ரீபவுண்ட். எதில் எத்தனை புள்ளி போனது என்று கோடு போடுங்கள்.

பின்சேர்க்கை: பந்தில்லாத இடத்திலும் மாறலாமா என்று பலர் கேட்டார்கள். சம உயரக்காரர்கள் என்றால் மாறலாம். ஆனால் முதலில் ரிம் பக்கம் வெட்டி ஓடுபவரை ஒருவர் எடுத்துவிட்டாரா என்று பாருங்கள். இருவரும் ஷூட்டரைத் துரத்தினால் பின்னால் ரிம்முக்குக் கீழிருந்து போடும் லே-அப் இலவசம்.