சிங்கப்பூரின் தேசிய தினத்தைக் காணச் செல்வோருக்கு

கீழக்கரை, தேவிபட்டினம் போன்ற நம் கரையோர ஊர்களிலிருந்து சிங்கப்பூரிலுள்ள பிள்ளைகளையும் உறவினரையும் பார்க்கச் செல்வோர், தங்கும் நாட்களுக்குள் ஆகஸ்ட் 9 வருமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். 1965-இல் அந்நாடு தனிநாடான நாள் அது. அன்றைய அணிவகுப்புக்கான நுழைவுச்சீட்டுகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் குலுக்கல் முறையில் இலவசமாக வழங்கப்படுவதால், அவற்றை விலைக்குத் தருவதாகச் சொல்பவர் எவரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

சீட்டு இல்லையே என்று வருந்தவும் வேண்டியதில்லை. அணிவகுப்பு நடைபெறும் இடம் சில ஆண்டுகளில் மாறுவதால் அதை முதலில் உறவினரிடம் கேட்டறிந்து, விமானங்களின் அணிவரிசையும் வாணவேடிக்கையும் தெரியக்கூடிய திறந்தவெளியில் பிற்பகலிலேயே இடம்பிடித்துவிடுவது நல்லது. முந்தைய சனிக்கிழமைகளில் ஒத்திகைகள் நடைபெறுவதால், கூட்டத்தில் நிற்க இயலாத முதியவர்களை அந்நாட்களில் அழைத்துச் செல்லலாம். வீட்டிலேயே இருப்பவர்கள் வசந்தம் தொலைக்காட்சியில் தமிழ் வருணனையோடு பார்க்கலாம். சிவப்பு அல்லது வெள்ளை உடை அணிந்து செல்வது அங்குள்ள வழக்கம். தேசிய கீதம் மலாய் மொழியில் இருந்தாலும், அது ஒலிக்கும்போது விருந்தினராகிய நாமும் எழுந்து நிற்பதே முறை.