பின்பக்க புஷ் மாற்றுகிறீர்களா? கடைசி முறுக்கு தரையில்தான்

எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் குதறிய ரோட்டில் ஓடும் பழைய காரில், பின்னால் 'டொக் டொக்' என்று கேட்டால் முதலில் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷை, அதாவது பின்சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கையின் முனையில் இருக்கும் ரப்பர் வைத்த உருளையைப் பாருங்கள். கடற்காற்றில் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிடுங்கள். ரப்பரில் பள்ளம் இருந்தால் அதன் திசையைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். புதியதை பிரஸ்ஸில் (அழுத்தி ஏற்றும் கருவியில்) தான் ஏற்ற வேண்டும், சுத்தியலால் தட்டினால் புஷ்ஷின் வெளி ஓடு கோணும். ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது, சோப்புத் தண்ணீர் போதும்.

பலர் கோட்டை விடுவது இறுக்கும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுசாக முறுக்கினால், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே, கம்பெனி சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.